ஹிங்கண்காட்டில் உறங்கும் கர்னல்

எவரெஸ்ட் சிகரத்தின் பெயரைத் தெரியாத பள்ளிப் பிள்ளை நம் வீடுகளில் இருக்க முடியாது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரைத்தான் அந்தச் சிகரத்துக்கு வைத்தார்கள் என்பதும், அவர் இந்திய சர்வே துறையின் தலைவராக இருந்தவர் என்பதும் பொது அறிவுப் போட்டிக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த எவரெஸ்ட் யாரிடமிருந்து இந்த வேலையைப் பெற்றுக்கொண்டார் என்று கேட்டால் மட்டும் பெரியவர்களே சற்று யோசிப்பார்கள்.

அவர் பெயர் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் லாம்டன். இந்திய நாட்டை முதன்முதலாகக் கணித முறைப்படி, அங்குல சுத்தமாக அளக்கத் தொடங்கிய ராணுவ அதிகாரி. நாக்பூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அவரோடு இரண்டு வழியில் சம்பந்தம் உண்டு. அவர் தம் பெரும் பணியைத் தொடங்கியது சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில். அந்தப் பணி முடியாத நிலையில் அவர் கண்ணை மூடியது இங்கிருந்து தெற்கே சுமார் 50 மைல் தொலைவில் உள்ள ஹிங்கண்காட்டில். ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் வார்தாவுக்கும் பல்ஹார்ஷாவுக்கும் இடையே நாம் கடந்து செல்லும் அதே ஹிங்கண்காட்.

நான் சரித்திரம் படித்தவன் அல்லன். டிப்ளமா படித்த சிவில் இன்ஜினீயர். பணி ஓய்வு பெறும் வரை ரயில்வேயில் செயின், லெவல், தியோடலைட் இவற்றோடு காலம் கழித்தவன். அந்தத் தொழில்காரன் கண்ணோடுதான் லாம்டனின் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இருட்டில் வழி சொன்னவர்

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பூமியையே அளந்தவரின் வயது மட்டும் சரியாகத் தெரியவில்லை! இளமையில் 33-வது காலாட்படை ரெஜிமென்டில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்து வட அமெரிக்காவுக்குப் போனார். அங்கே நியூ பிரன்ஸ்விக் என்ற இடத்தில் படைவீடுகளைப் பராமரிக்கும் வேலை. பதவி உயர்வும் இல்லை, பேரும் இல்லை. சுமார் பதின்மூன்று ஆண்டுகள் அப்படியே ஓடின. கிடைத்த ஓய்வு நேரத்தை எல்லாம் கணிதத்துக்கும் வான சாஸ்திரத்துக்கும் செலவிட்டார். சூரிய கிரகணத்தை அளவெடுக்கப் போய் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார் என்றும் சொல்வார்கள்.

இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு நடு வயது கடந்துவிட்டது. அவருடைய ரெஜிமென்டின் கர்னல் ஆர்தர் வெல்லஸ்லி. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவாகி 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் அவர்தான். 1799-ல் திப்பு சுல்தான் மீது படையெடுத்தபோது லாம்டன் ஜெனரல் பெயர்டின் கீழ் பணியில் இருந்தார். ஓர் இரவு பெயர்டின் படைப்பிரிவு இருட்டில் நடந்துகொண்டிருந்தது. லாம்டன் அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்தார். பாசறைக்குத் திரும்ப வேண்டிய படை நேர் எதிர்த் திசையில், எதிரியின் பக்கமே போய்க்கொண்டிருப்பது அவருக்குப் புரிந்தது. ஜெனரலிடம் சொன்னார். ஜெனரலுக்கு நம்பிக்கை வரவில்லை. காம்பஸை வைத்துப் பார்த்ததும் லாம்டன் சொன்னதே சரி என்று தெரிந்தது. படை தப்பியது.

ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து மைசூர் ராஜ்யம் கும்பினியாரின் பிடிக்குள் வந்தபின் லாம்டன் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை தீபகற்பத்தை முக்கோணங்களால் இணைத்து அளப்பது, அதோடு பூமியின் வடிவத்தையும் கணக்கிடுவது என்பது திட்டம். வெல்லஸ்லியின் ஆதரவு இருந்தது. சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் 1800-ல் அனுமதி கொடுத்தார்.

பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, இதற்கு எதற்கு சர்வே என்று நிதிக் குழுவில் ஒருவர் கேட்டாராம். எஸ்டிமேட் அனுப்பிவிட்டு அக்கவுண்ட்ஸ் பிரிவின் பதிலுக்குக் காத்திருந்து பழகிய எவருக்கும் இந்தக் கேள்வி புதிதாக இராது.

சீனச் சக்கரவர்த்திக்குப் போன சங்கிலி

நிலத்தை முக்கோணங்களால் அளப்பது எப்படி? ஆற்றின் அக்கரையில் ஒரு பனைமரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்காமல் அது எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். இக்கரையில் இரண்டு முளைகளை அடித்து அவற்றின் இடைவெளியை அளந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முளையில் நின்றும் பனைமரம் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்துவிட்டால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். இப்படிக் கிடைத்த பக்கத்தை அடிப்படையாக வைத்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது என்று குன்றுக்குக் குன்று நாடு முழுவதும் போய்விடலாம்.

ஆகவே தரையில் நேராக அளக்க வேண்டியது முதல் கோடு ஒன்றைத்தான். ஆனால் அதில் பிசகு வந்தால் பின்னால் வரும் நூற்றுக்கணக்கான முக்கோணங்களும் பிசகிவிடும். லாம்டன் அந்த முதல் கோட்டைப் பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில் போட்டார். வேலை தொடங்கிய நாள் 1802 ஏப்ரல் 10. நீளம் ஏழரை மைல். எடுத்துக்கொண்ட நாட்கள் 57! ஏழரை மைலை நாம் காலை நடையாகவே மூன்று மணி நேரத்தில் நடந்துவிடுவோம்.

அளந்த சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. லண்டனில் ராம்ஸ்டன் என்ற புகழ்பெற்ற கருவிக் கலைஞர் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி அது. 1793-ல் மெக்கார்ட்னி பிரபு சீனச் சக்கரவர்த்தியைக் காணச் சென்றபோது கொண்டுபோன பரிசுப் பொருட்களில் அதுவும் ஒன்று. சீனத்தில் அதற்கு மதிப்புக் கிடைக்கவில்லை. அது கல்கத்தா வழியாக லாம்டனின் கைக்கு வந்து சேர்ந்தது.

சங்கிலியைத் தரையில் இழுத்துப் போட்டு அவர் அளக்கவில்லை. தரை மேடு பள்ளமாக இருக்கும், சங்கிலி தொய்யும். மரப் பெட்டித் தொட்டிகளை முக்காலிகளின் மேல் மட்டமாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார். வெயில் படாமல் மேலே கூடாரத் துணி. பக்கத்தில் தெர்மாமீட்டர். ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்.

வெப்பநிலை எதற்கு என்று கேட்கலாம். தண்டவாளத்துக்கு இடையில் இடைவெளி விட்டுப் பழகிய எங்களைக் கேளுங்கள். எஃகு வெயிலில் நீளும். 100 அடிச் சங்கிலி ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் நூற்றில் முக்கால் பங்கு நீளும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியை 400 தடவை வைத்து எடுக்க வேண்டும். அப்போது அதே ஒரு டிகிரி மூன்று அங்குலமாகிவிடும். சென்னையில் ஏப்ரல், மே மாதத்தில் காலைக்கும் உச்சிக்கும் இருபது டிகிரி வித்தியாசம் இருந்தால்? ஐந்து அடி போய்விடும். அதனால்தான் 57 நாட்கள்.

மூன்றாவது கோணம்

கோணம் அளக்க வேண்டிய பெரிய தியோடலைட்டை லண்டனில் கேரி என்பவர் செய்தார். எடை சுமார் அரை டன். அதன் கிடைவட்டம் மட்டும் 36 அங்குலக் குறுக்களவு. நாங்கள் ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த கருவிக்கு இது கொள்ளுத் தாத்தா. இதை ஏற்றி வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து அது விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். போர்க்காலத்தில் இப்படியும் நடந்தது.

கருவி வந்ததும் முக்கோணங்கள் சென்னையிலிருந்து மேற்கே நகர்ந்தன. இங்கே இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி என்று பள்ளியில் படிக்கிறோம். அப்படியானால் இரண்டு கோணங்களை அளந்தால் போதும், மூன்றாவதைக் கழித்து எழுதிவிடலாமே? எழுதலாம். ஆனால் அளந்தது சரியா தப்பா என்பது ஒருநாளும் தெரியாது. லாம்டன் மூன்றாவது கோணத்தையும் அளந்தார். அதற்காக அந்த அரை டன் கருவியை மூன்றாவது மலை உச்சிக்கும் ஏற்றினார். மூன்றையும் கூட்டினால் பூமி உருண்டை என்பதால் 180-க்கு மேல் துளியளவு கூடுதலாக வரவேண்டும். எவ்வளவு கூட வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கோடு ஒத்துப் போனால்தான் அடுத்த முக்கோணம்.

எங்கள் காலத்தில் புது லைனுக்கு சர்வே நடந்த ஓரிடத்தில் இதே விஷயம் நடந்தது. ஓர் இளைஞர், நல்ல புத்திசாலி, வெயிலுக்குப் பயந்து மூன்றாவது கோணத்தை அளக்காமல் கழித்தே எழுதிவிட்டார். அவர் புத்தகத்தில் எல்லா முக்கோணமும் அட்சர சுத்தமாக 180. எங்கள் மேலதிகாரி ஃபீல்ட் புக்கைப் புரட்டினார். "இவ்வளவு சுத்தமாக வந்தால் தம்பி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்" என்றார். அந்த வாரத்து வேலை முழுவதும் திரும்பவும் நடந்தது. அளவையில் சிறு பிழை வருவது இயற்கை. பிழையே இல்லாத கணக்கைக் கண்டால்தான் எங்கள் தொழிலில் சந்தேகம் வரும்.

1804-ல் லாம்டனுக்குச் சோதனை வந்தது. அதை வைத்துக்கொண்டதும் அவரேதான். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுப் பெங்களூரை அடைந்தபின், அங்கே இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் நேராக அளந்து பார்த்தார்கள். கணக்குச் சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்ன நீளத்துக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். இரண்டு ஊருக்கும் இடையே வான்வழியில் சுமார் 180 மைல். நடுவில் எத்தனையோ குன்றுகள், காடுகள். நாலு விரல்கடைக்குள் கணக்கு முடிந்தது.

அதன்பின் முக்கோணங்கள் மங்களூர்க் கரையைத் தொட்டன. அதுவரை தேசப்படங்களில் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று இருந்தது. உண்மையில் 360 மைல்தான் என்று லாம்டன் காட்டினார். தீபகற்பம் ஒரே நாளில் 40 மைல் ஒடுங்கிவிட்டது!

பெரிய கோயிலில் அறுந்த கயிறு

கிழக்கு மேற்காக அளந்தது போதாதென்று, வடக்கு தெற்காக, ஏறக்குறைய 78-வது தீர்க்கரேகையை ஒட்டி ஒரு நீண்ட கோட்டையும் அவர் தொடங்கியிருந்தார். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே போகும் இந்தக் கோட்டைத்தான் பிற்காலத்தில் மகா வளைவு என்று அழைத்தார்கள். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் ஓர் அட்சரேகை டிகிரியின் நீளம் தெற்கே ஒரு மாதிரி, வடக்கே ஒரு மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தை அளந்தால் பூமியின் உருவம் தெரியும். ஐரோப்பியர்கள் வடக்கே அளந்திருந்தார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இவ்வளவு நீளமாக எவரும் அளந்ததில்லை.

1808-ல் அவர் தஞ்சாவூர்ச் சீமையில் இருந்தார். மலை நாட்டில் முக்கோணம் போடுவது எளிது. உச்சிக்கு உச்சி தெரியும். காவிரிக் கழனிகளில் தென்னையும் மாந்தோப்பும் பார்வையை மறைக்கும். உயரமாக இருப்பவை கோபுரங்கள்தாம். ஆகவே தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலேயே தியோடலைட்டை ஏற்ற முடிவு செய்தார். கயிறும் கப்பியும் கட்டி அரை டன் கருவியை மேலே இழுத்தபோது பாதியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி வீசிப்போய்க் கற்சுவரில் மோதியது. கிடைவட்டம் நெளிந்துவிட்டது.

கோணம் அளக்கும் கருவியின் உயிரே அந்த வட்டம்தான். அது நெளிந்தால் பழைய இரும்புக்குச் சமம். இங்கிலாந்திலிருந்து இன்னொன்று வர ஆண்டுக்கணக்காகும். பக்கத்தில் ஒர்க்‌ஷாப் கிடையாது. லாம்டன் கூடாரத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். கருவியைக் கழற்றினார். ஒரு பெரிய பலகையில் வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவில் கோடு வரைந்தார். நெளிந்த வளையத்தை அதன் மேல் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக்கொண்டு ஒரு பக்கம் இழுத்தும் ஒரு பக்கம் தள்ளியும் மயிரிழை மயிரிழையாகப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். இப்படி ஆறு வாரங்கள்!

அந்தக் கருவி மறுபடி வேலை செய்தது. அவர் வாழ்நாள் முடியும் வரை செய்தது. அவருக்குப் பின் எவரெஸ்ட் காலத்தில் பாரோ என்ற கலைஞர் அதைப் புதுப்பித்தார். இந்திய சர்வே துறை அதை டேராடூனில் பத்திரமாக வைத்திருக்கிறது. நம் ஆட்கள் முசௌரி போகும்போது டேராடூன் வழியாகத்தான் போகிறார்கள். தஞ்சைக் கோயில் சுவரில் அடிபட்ட கருவி அங்கே இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

பெயர் எழுதப்படாதவர்கள்

ஓர் ஆங்கிலேயரை இப்படிப் புகழலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. கும்பினியார் நாட்டை அளந்தது நமக்கு நன்மை செய்வதற்காக அல்ல. வரி வசூலிக்கவும் படை நடத்தவும் தேசப்படம் தேவைப்பட்டது. மலை உச்சியில் கொடியும் தூரதிருஷ்டியும் வைத்துக்கொண்டு நின்றவர்களை மக்கள் சந்தேகத்தோடு பார்த்ததும் இதனால்தான். இதை மறைக்க வேண்டியதில்லை.

அதே சமயம், அந்த வேலையைச் செய்தவர் லாம்டன் ஒருவர் மட்டும் அல்லர். சென்னையில் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளியில் படித்த இளைஞர்கள் அவருடைய உதவியாளர்கள். அவர்களில் பலர் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர்கள். ஜோஷுவா டி பென்னிங் என்பவர் அப்படி வந்து லாம்டனின் வலது கையாக உயர்ந்தார். அவர்களுக்கும் கீழே கருவியைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர்கள், காட்டை வெட்டி வழி செய்தவர்கள், கொடி பிடித்து வெயிலில் நின்றவர்கள், காய்ச்சலில் மடிந்தவர்கள். அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ரயில்வேயில் எங்கள் கருவிகளைச் சுமந்து முன்னால் நடந்த கலாசிகளின் பெயரும் எந்தப் பாலத்துக் கல்வெட்டிலும் கிடையாது. அந்த வரிசை லாம்டன் காலத்திலிருந்து வருவது.

கடைசிப் பயணம்

1818-ல் இந்தப் பணியை இந்திய கவர்னர் ஜெனரலின் நேர் அதிகாரத்தில் எடுத்துக்கொண்டு, மகா திரிகோண சர்வே என்று பெயர் வைத்தார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் ஜி.டி.எஸ். அதற்கு முன்பே பிரெஞ்சு அறிவியல் கழகம் லாம்டனைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றிருந்தது. லண்டன் ராயல் சொசைட்டியும் அவரை உறுப்பினராக்கியது. தமக்குத் துணையாக ஓர் அதிகாரி வேண்டும் என்று கேட்டபோது வந்து சேர்ந்தவர்தான் இளைஞர் ஜார்ஜ் எவரெஸ்ட். எவரெஸ்ட் முன்கோபக்காரர், லாம்டனோ அமைதியானவர். முதுமையில் தளர்ந்திருந்தாலும் தியோடலைட்டைச் சரிசெய்ய எழுந்துவிட்டால் கிழவர் வேறு ஆளாகிவிடுவார் என்ற பொருளில் எவரெஸ்டே எழுதியிருக்கிறார்.

அதற்குள் மகா வளைவு கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து பெல்லாரிச் சீமை, பீதர் வழியாக விதர்ப்பாவின் எல்லிச்பூர், அதாவது இன்றைய அசல்பூர் பக்கம் வரை வந்துவிட்டது. ஏறக்குறைய நம் நாக்பூரின் அட்சரேகை. லாம்டன் குழு அளந்து முடித்த பரப்பு 1,65,000 சதுர மைலுக்கு மேல்.

வடக்கே வேலை நகர நகர, தலைமையிடத்தையும் ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு மாற்ற நினைத்தார்கள். வயது எழுபதை ஒட்டியிருந்தும், இருமலும் நெஞ்சு நோயும் வாட்டியும் லாம்டன் புறப்பட்டார். அப்போது ரயில் ஏது? மாட்டு வண்டியும் குதிரையும் பல்லக்கும்தான். நாக்பூரை அவர் பார்க்கவில்லை. 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கண்காட்டில் பாசறையில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். இந்தியாவுக்கு வந்தபின் அவர் ஒரு தடவைகூடப் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை.

பிழைப்பைத் தேடி வந்த ஊரிலேயே வேலை செய்து, வயதாகி, அங்கேயே முடிந்துவிட்ட பெரியவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களை அம்பாஜரி மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய நாட்கள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வகையில் இந்த ஆங்கிலேயரின் முடிவு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

எவரெஸ்ட் வேலையைத் தொடர்ந்து 1841-ல் மகா வளைவை டேராடூன் பக்கம் கொண்டுபோய் முடித்தார். மொத்த நீளம் சுமார் 2,400 கிலோமீட்டர். பிற்காலத்தில் இமயத்தின் 15-ஆம் எண் சிகரம் 29,002 அடி என்று கணக்கிட்டு 1856-ல் அறிவித்தார்கள். அந்தக் கணக்குகளில் வங்காளத்து ராதாநாத் சிக்தாரின் பங்கு பெரிது. எவரெஸ்ட் அதற்கு முன்பே, 1843-ல், ஓய்வு பெற்று ஊர் போய்விட்டார். 1865-ல் சிகரத்துக்கு அவர் பெயர் உறுதியானது. திரிகோண சர்வேயின் நினைவாக 2004-ல் வெளிவந்த நம் நாட்டுத் தபால் தலைகளில் சிக்தாரும், திபெத்தை நடந்தே அளந்த நயின் சிங்கும் இடம்பெற்றார்கள். நல்ல செய்தி. லாம்டனுக்கு மலையும் இல்லை.

அவர் சமாதியையும் வெகு காலம் கவனிப்பார் இல்லை. ஜான் கீ என்ற ஆங்கில எழுத்தாளர் ஹிங்கண்காட் வரை தேடி வந்து பார்த்து, 2000-ல் வெளிவந்த தம் நூலில் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளியுலகுக்கு ஓரளவு தெரிந்தது.

நாம் பார்க்கக்கூடியவை

லாம்டன் தொடங்கிய வேலையின் சுவடுகள் நம் கண்ணெதிரே இருக்கின்றன. நாக்பூரில் நாம் தினம் கடக்கும் ஜீரோ மைல் கல்லைப் பாருங்கள். பிள்ளைகள் அங்கே நான்கு குதிரைகளைத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் உள்ள தூண் 1907-ல் அமைத்த ஜி.டி.எஸ். நிலைக்குறி. கடல் மட்டத்திலிருந்து 1,020 அடிக்குச் சற்று மேல் என்று அதன் உயரம் குறிக்கப்பட்டிருக்கிறது.

ரயில் நிலையங்களில் ஊர்ப் பெயர்ப் பலகையின் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதை யார் அளந்தார்கள், எங்கிருந்து அளந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், ஜி.டி.எஸ். நிலைக்குறிகளிலிருந்து லெவல் பிடித்துக் கொண்டுவந்த எண் என்று சொல்லுங்கள். நாங்கள் லைன் போட்டபோதும், பாலம் கட்டியபோதும் அருகில் ஜி.டி.எஸ். நிலைக்குறி எங்கே என்பதே முதல் கேள்வி. அதிலிருந்து புறப்பட்டு, வேலையிடம் வரை லெவல் எடுத்து, மறுபடி அதே கல்லுக்குத் திரும்பி வந்து முடிக்க வேண்டும். புறப்பட்ட எண்ணும் திரும்பிய எண்ணும் அனுமதித்த அளவுக்குள் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய உழைப்பு வீண். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். யாரும் பார்க்காத காட்டில் தம் கணக்கைத் தாமே சோதித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை இந்த நாட்டின் அளவைத் தொழிலில் ஊன்றியவர்களில் முதல்வர் லாம்டன்.

இப்போது செயற்கைக்கோள் வந்துவிட்டது. கையில் உள்ள ஃபோனே நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான். ஆனாலும் பத்தாம் வகுப்பில் திரிகோணமிதி எதற்கு என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, ஒரு பக்கத்தையும் இரண்டு கோணங்களையும் வைத்துக்கொண்டு நாட்டையே அளந்த கதையைச் சொன்னால் பாடத்தில் கொஞ்சம் பிடிப்பு வரும் என்பது என் அனுபவம்.

நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது ஹிங்கண்காட்டையும் எண்ணிப் பாருங்கள். காலையில் புறப்பட்டால் அன்றே திரும்பிவிடலாம். போகும் வழியில் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆசிரமத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கட்டுச்சாதத்தோடு ஒரு பூமாலையும் எடுத்துக்கொள்வோம். மராத்தி நன்றாகப் பேசும் ஒருவர் கூட வந்தால் சமாதிக்கு வழி கேட்கச் சௌகரியமாக இருக்கும்.